இரண்டு ஜாதி ஈ

சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று கலியமூர்த்தி நாளுக்கு நாலு தரமாவது சொல்லிக்கொள்வான். சிதம்பரத்தில் ஒரு காலேஜில் விலங்கியல் டெமான்ஸ்டிரேட்டர் அவன். பேர்தான் பெரிய பேர், செய்கிற வேலை ஈ வளர்ப்பது. அழுகிய வாழைப்பழத்தையும் வெல்லத்தையும் பிசைந்து பால் புட்டியில் போட்டு, பழ ஈக்களை உள்ளே விட்டு, வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். பத்து நாளில் புட்டி முழுக்கப் புழு நெளியும். அந்தப் புழுவின் எச்சில் சுரப்பியை ஊசியால் பிய்த்தெடுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். யுத்தம் வந்தது, போனது, அரிசிக்கு ரேஷன் வந்தது. ஆறு வருஷமாக அவன் விரலில் ஏறிய புளித்த நாற்றம் மட்டும் போகவில்லை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோனால் குமட்டும்.

அந்த நாற்றத்துக்குள்ளேதான் அவன் ஒன்றைக் கண்டுபிடித்தான். அண்ணாகிராமத்துப் பலாத்தோப்பில் பிடித்த ஈயும் சிதம்பரம் மார்க்கெட் வாழைக்குப்பையில் பிடித்த ஈயும் பார்வைக்கு அச்சு அசல் ஒன்று. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. இரண்டையும் ஒரே புட்டியில் விட்டால் முட்டை பொரிகிறது. ஆனால் பிறக்கிற ஆண் ஈ அத்தனையும் மலடு. சுரப்பியில் இருக்கும் குரோமோசோம் நூலிலும் வித்தியாசம் தெரிந்தது. ஒன்றில் நேராக ஓடும் வரிகள் மற்றதில் ஓரிடத்தில் தலைகீழாகத் திரும்பிக் கிடந்தன. ஒன்றாயிருந்த ஈ இரண்டாகப் பிரிந்திருக்கிறது. உலகத்தில் இத்தனை வகை உயிர் எப்படி வந்தது என்ற பெரிய கேள்விக்கு ஒரு துளி பதில் அந்த நாற்றம் பிடித்த புட்டியில் இருந்தது.

கடலூர் வாசகசாலை ஆண்டு விழாவில் இதைத் தமிழில் பேசும்படி கூப்பிட்டார்கள். கடலூர் அவன் சொந்த ஊர். அம்மா பட்டம்மாளும் தங்கை ராசம்மாளும் அங்கே மாமா கொளஞ்சியப்பன் வீட்டில் இருந்தார்கள். அப்பா செத்த பிறகு மூன்று பேருக்கும் சோறு போட்டவர் மாமா. அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். ராசம்மாள் பள்ளிக்கூட டீச்சர், இருபத்துமூன்று வயசு. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தங்கராசுவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். தங்கராசு வேறு ஜாதி. ஆறு மாதம் தையாத் தக்காவென்று குதித்த மாமா, அம்மா அழுத அழுகையில் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார். படித்தவன் கலியன், அவன் என்ன சொல்கிறான் என்று பார்ப்போம் என்று வாயைத் திறந்திருந்தார். 'நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும் அண்ணே' என்று தங்கை கார்டு போட்டிருந்தாள்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில். முன் வரிசையில் மாமா, பெண்கள் பக்கத்தில் ராசம்மாள். கலியமூர்த்தி பேச்சை இங்கிலீஷில் எழுதித் தமிழாக்கி வைத்திருந்தான். ஸ்பீஷீஸ் என்பதற்கு அவனுக்குத் தெரிந்த தமிழ் ஜாதிதான். நல்ல ஜாதி மாடு, நல்ல ஜாதி மா என்று ஊரே சொல்கிறதே, அதே சொல். கூசாமல் சொன்னான்.

"பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஆனால் வேறு வேறு ஜாதி. ஜாதி விட்டு ஜாதி கலந்தால் பிறக்கும் ஆண் வாரிசு மலடு. இது இயற்கையின் சட்டம்."

அவ்வளவுதான், கொட்டகை அதிர்ந்தது. நரைத்த தலையெல்லாம் ஒன்றையொன்று பார்த்து ஆட்டிக்கொண்டன. ஈக்கு எவன் கை தட்டுவான்? எதற்குத் தட்டுகிறார்கள் என்று கலியமூர்த்திக்கு அந்த நொடியே புரிந்தது. ஐயா, நான் ஈயைச் சொன்னேன், மனுஷர் எல்லாரும் ஒரே ஜாதி என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும். சொல்லவில்லை. புழுவோடு கிடந்தவனுக்கு அதுவரை ஒருவரும் கை தட்டியதில்லை. தலைவர் மாலையோடு வந்தார், இவன் கழுத்தை நீட்டினான். ராசம்மாள் எழுந்து வெளியே போவது தெரிந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் கூடப் பிறந்தவளையும் சேர்த்துக் கெடுத்தது.

மத்தியானம் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்ததும் மாமா ஆரம்பித்தார்.

"உன் வாயாலயே வந்துடுச்சி மாப்ள. வாரிசு மலடாப் போவும்னா அந்தக் கம்பவுண்டர் பய சம்பந்தம் நமக்கு எதுக்கு? அந்தப் பேச்சு இன்னையோட முடிஞ்சிது."

"அது ஈக்கு மாமா. மனுசங்க பூரா ஒரே ஜாதி. யாரு யாரக் கட்டிக்கிட்டாலும் புள்ள பொறக்கும், பேரனும் பொறப்பான்."

"அப்ப ஈ மட்டும் எப்பிடி ரெண்டாச்சி?"

கலியமூர்த்திக்கு நம்பிக்கை வந்தது. கை காயக் காய விளக்கிச் சொன்னான். ஆதியில் ஒரே கூட்டம். பாதி பலாவோடு தங்கிவிட்டது, பாதி வாழையோடு. இதுவும் அதுவும் கூடுவது குறைந்தது. பெற்றதிலிருந்து பிள்ளைக்கு இறங்குகிற ஜீனில் எப்போதாவது தானாக ஒரு மாற்றம் விழும். கலப்பு இருந்தால் இங்கே விழுந்தது அங்கேயும் பரவி இரண்டும் ஒன்றாகவே இருக்கும். கலப்பு நின்றுவிட்டால் இங்கே விழுந்தது இங்கேயே சேரும், அங்கே விழுந்தது அங்கேயே சேரும். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து, கடைசியில் கூடினாலும் வம்சம் ஓடாது.

"வேற ஜாதிங்கறதால கலக்காம இருந்துச்சின்னு நெனைக்காதீங்க மாமா. கலக்காம இருந்ததாலதான் வேறயாச்சி."

மாமா சோற்றிலிருந்து கையை எடுத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நாமளும் கலக்காம இருந்தா, ஒரு நாளைக்கி நெசமாவே வேற ஆயிடுவோம்?"

"அதுக்கு லச்சம் வருசம் ஆவும் மாமா."

"ஆவட்டுமே. நம்ம காலத்துல நாம ஆரம்பிச்சி வைப்போம்." இலையைக் காட்டினார். "பட்டு, மோர ஊத்து."

கலியமூர்த்திக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. புட்டிக்குள் மூக்கை விட்டபோதெல்லாம் வராத வாந்தி அது. மனுஷர்களோடு மனுஷனாக இருப்பதே வேண்டாம் என்று லட்சம் வருஷம் காத்திருக்கத் தயாரான ஒருவர் அவன் எதிரே மோர்ச்சாதம் பிசைந்துகொண்டிருந்தார். அவர்மேல்கூட அவ்வளவு இல்லை. காலையில் மாலைக்குக் கழுத்தை நீட்டினானே, அவன்மேல்தான் அருவருப்பு தாங்கவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தான்.

கிணற்றடியில் ராசம்மாள் செம்பில் தண்ணீர் மொண்டு அவன் கையில் ஊற்றினாள்.

"ராசு, ரிஜிஸ்தர் ஆபீசுல கட்டிக்கிறதுன்னா மூணு சாட்சி வேணும்பாங்க. மாமா என்னா சொன்னாலும் சரி. ஒருத்தன் நான்."

"நோட்டீசு குடுத்தே பத்து நாளாச்சி அண்ணே. மாமா சரின்னா ஊட்டுல அம்மா முன்னால, இல்லன்னா அங்க. மூணாவது சாட்சின்னு உன்னத்தான் சொல்லி வச்சிருந்தேன்."

"இப்ப?"

"நீ மாலய வாங்கிக்கிட்டல்ல, அப்பவே எந்திரிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாட்ச்மேன் கண்ணாயிரத்தக் கேட்டேன். வரேன்னாரு." செம்பைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரையும் அவன் விரல்மேல் விட்டாள். "வெள்ளிக்கெழம பத்து மணிக்கி. வந்து நிக்கணும்னு தோணிச்சின்னா வந்து நில்லு. கைய மட்டும் நல்லா கழுவிட்டு வா."