பூஜைக்குக் குளித்த கோபுரம்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து, ஆனேக்கல் பக்கத்துத் துத்தநாகப் பூச்சுத் தொழிற்சாலை திறந்த முதல் நாளே புகைபோக்கி மானத்தை வாங்கியது. வெள்ளைப் புகை, கண்ணில் நீர் முட்டவைக்கும் அமில நெடி. மாசுத் துறை அதிகாரி வருகிற நாளும் அதுதான். நெடி அடித்தால் தொழிற்சாலைக்குப் பூட்டு. புகையைக் கழுவும் அந்தக் கோபுரமோ, வித்யாலட்சுமி தானே வரைந்து நிறுத்திய முதல் கோபுரம்.

"உங்க டிசைன் பல்லிளிச்சிடுச்சு, மேடம்" என்றார் முதலாளி சுந்தரமூர்த்தி.

"டிசைன்ல தப்பில்ல சார். வேற எங்கயோ இருக்கு, வாங்க."

வாய்க்கொழுப்பு இல்லை, கணக்கைச் சரியாகப் போட்டவளின் தெம்பு அது. இரும்பைக் கழுவும் அமிலத் தொட்டியின் புகையை விசிறி இழுத்து வரும். கோபுரத்துக்குள் காஸ்டிக் சோடாக் கரைசல் மழையாகக் கொட்டி அதன் விஷத்தை முறிக்கும். விசிறி சுற்றியது, மழையும் கொட்டியது.

ஆனால் அடித்தொட்டி கல்யாணப் பெண் மாதிரி மஞ்சளும் குங்குமமுமாக மின்னியது. அதன் குழாயைத் திறந்து, வெளியே பூசியிருந்த மஞ்சளின்மேல் உள்ளிருந்த தண்ணீரை நாலு சொட்டு விட்டாள். ஆரத்தி கரைத்தவர்களுக்குத் தெரியும், சுண்ணாம்போ காஸ்டிக்கோ, காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். இது சிவக்கவில்லை.

"சீனு அண்ணா, தொட்டியில என்ன ஊத்துனீங்க?"

ஃபோர்மேன் சீனுவுக்கு ஒரே பெருமை. "அழுக்குத் தண்ணிய எறக்கிட்டு நல்ல போர் தண்ணி ரொப்பினோம் மேடம். பூஜைக்குச் சுத்தமா இருக்கணும்ல?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மருந்தைக் கொட்டிவிட்டுப் பாட்டிலுக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள். வெறும் தண்ணீர் சற்று நேரம் தாக்குப்பிடித்துவிட்டுத் தானே அமிலமாகிவிட்டது. வேலையை நிறுத்தி, தொட்டியைக் காலி செய்து, காஸ்டிக் கரைத்து ஊற்ற வைத்தாள்.

"ஆபீசர் போற வரைக்கும் நிறுத்தியே வெச்சிடலாமே" என்று கிசுகிசுத்தார் சுந்தரமூர்த்தி.

"வேணாம் சார். முழு லோடுல ஓட்டுங்க."

ஓட்டினார்கள். அதிகாரி வந்ததும் நேரே, புகார் கொடுத்த லட்சுமம்மாவின் வீட்டுக்குப் போனார். பின்தெருவில், புகைபோக்கியைப் பார்த்த வீடு. வித்யாலட்சுமியும் கூடப் போனாள்.

லட்சுமம்மா துவைத்த துணியைக் கொடியில் உதறிப் போட்டுவிட்டு, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். முகம் கடுகடுக்க, அதிகாரி அம்மாவிடம் திரும்பினார்.

"இவங்க நாடகம் எனக்குத் தெரியும் மேடம். நீங்க வரீங்கன்னு இன்னிக்கி ஃபேக்டரிக்கு ரஜா விட்டு மூடிட்டாங்க. ஓடுற அன்னிக்கி வந்து பாருங்க."

 தொழிற்சாலை ஓடுவதைக் காட்ட, வித்யாலட்சுமி லட்சுமம்மாவின் கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.