நாங்கள் என்று ஒரு திருத்தம்

…ஒரே ஒரு சொல்தான் மாறியிருக்கிறது, இதற்குப் போய் ஏன் இத்தனை தடவை படிக்க வேண்டும், நாங்கள் சிலர் மட்டும் பேசுகிற மொழியின் இணையதளத்துக்கு வரும் திருத்தங்களைப் பார்த்து ஒப்புதல் கொடுப்பது எட்டு வருஷப் பழக்கம், நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் மதியம் கூட்டம் ஓய்கிற அரைமணி நேரம் எனக்கு அதற்குத்தான், ஆனால் இது அந்த மொழியின் அகராதியில் 'வீடு' என்ற சொல்லுக்கு நான் எழுதிய எடுத்துக்காட்டு, தமிழில் சொன்னால் 'நாம் இந்த வீட்டில் இருக்கிறோம்' என்றிருந்தது இப்போது 'நாங்கள் இந்த வீட்டில் இருக்கிறோம்' என்று ஆகியிருக்கிறது, திருத்தியவர் அவர், ஐந்து மாதத்துக்கு முன் பெட்டியை எடுத்துக்கொண்டு போன என் கணவர், அதன்பிறகு ஒரு போன் உண்டா, நாலு வரி உண்டா, கடைசியில் வந்தது இந்த ஒற்றை வார்த்தை…

ஒரு கணக்கு வாத்தியார் ஓய்வுபெற்ற பிறகு உட்கார்ந்து உண்டாக்கிய மொழி, பேசத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே பதினொரு பேர், அதில் இரண்டு பேர் ஒரே சமையலறையில் இருந்தோம், முதலில் அந்த மொழியில் நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே சொல்தான், "கேக்கிற ஆளையும் சேர்த்துக்கிறோமா இல்லையான்னு தெரியாம என்ன பேச்சு அது?" என்று நான்தான் மல்லுக்கு நின்றேன், தளத்தின் விவாதப் பக்கத்தில் இரண்டு மாதம் எதிர்வாதம் செய்தவர் இவர், தோற்றதும் கல்யாணம் பண்ணிக்கொண்டார் என்று தங்கை கேலி செய்வாள், திட்டுவதற்கு மட்டும் வாத்தியார் ஒரு சொல்கூட வைக்கவில்லை, அதனால் சண்டை வந்தால் தமிழ், கடைசி வருஷம் முழுக்க வீட்டில் தமிழ்தான் பேசினோம்…

"அவருக்கு இன்னொருத்தி இருக்கா, நீ இன்னும் அந்தப் பாஷையைக் கட்டிக்கிட்டு அழறே" என்று தங்கை சொன்னபோது நம்பினேனா, இல்லை, இப்போது? இலக்கணப்படி பிழை இல்லை, கேட்கிறவள் அந்த வீட்டில் இல்லை, அவ்வளவுதானே, பிழையில்லாத திருத்தத்தை எந்தக் காரணம் சொல்லி நிராகரிப்பது, ஒப்புதல் கொடுத்தேன்…

"ஏம்மா, என் கண்ணாடி ரெடியா?" பெரியவர் ஒருவர், காதோரம் அழுத்துகிறதாம், கம்பியைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுத்தேன், "இப்பத்தான் இருக்கறதே தெரியல" என்று சிரித்துக்கொண்டே போனார், திரும்பி வந்தால் தளத்தில் எனக்கு ஒரு கடிதம், அந்த மொழியிலேயே, 'சிட்டு' என்ற புதுப் பெயரில், "நீங்க எழுதின முப்பது பாடத்தையும் முடிச்சிட்டேன், இப்ப பயமில்லாம பேச வருது, ரொம்ப நன்றி", ஒரு எழுத்துப் பிழை கிடையாது, வினைச்சொற்கள் எல்லாம் அத்தனை சுத்தம், பன்னிரண்டாவது ஆள், எட்டு வருஷமாக வராத ஆள், நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன், பிறகுதான் அடுத்த வரி, "வீட்ல இவர்கூட இதுலதான் பேசறேன்", இவர் என்ற சொல்லைத் தொட்டால் தளத்தில் என் கணவருடைய பக்கம் திறக்கிறது… எழுந்தவள் நின்றுகொண்டே இருந்தேன், அழுகை வந்தது, வரட்டும், அதைப் பற்றியில்லை, அந்த இரண்டாவது வரிக்கு முன்னால் ஒரு கணம் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்ததே, அதை நான் என்ன செய்வது…