கைக்குள் மூடிய உருண்டை

1
இந்தக் கதை நகக்கண் அளவுள்ள ஒரு சதைத் துணுக்கிலிருந்து பிறந்தது. என் தங்கை ஆம்பாரோவின் மகள் ஸோய்லா சிறுமியாக இருந்தபோது அவள் தொண்டையிலிருந்து வெட்டியெடுத்தது. மெரிதா நகரத்து மருத்துவமனை ஒன்றில் மெழுகுக்குள் பதித்து, இத்தனை காலம் வைத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் இப்படிப்பட்டதை எழுத மாட்டார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: "காம்பெச்சே என்ற துறைமுக ஊரில், நேர்மைக்குப் பெயர்போன குடும்பத்தில், டான் எவெலியோ என்றொரு பெரியவர்—"

வேண்டாம். அந்தப் பெரியவர் நான்தான். (டான் என்பது ஊர் தரும் மரியாதை; பெண்களுக்கு டோன்யா.)

அடுத்து: "ஞாயிறு மாலை லோத்தெரியா ஆட்டத்தில் எண் கூவும் ஸோய்லாவின் குரல் கடற்கரைவரை—"

இதுவும் பழங்கதை. சதுக்கத்தில் மேசை போட்டு ஆடும் ஆட்டம் அது. பைக்குள் கைவிட்டு, எண் எழுதிய உருண்டையை எடுத்து அவள் கூவுவாள். மற்றவர்கள் தங்கள் அட்டையில் அந்த எண்ணுக்குரிய படத்தின்மேல் சோளமணி வைப்பார்கள். இப்போது அவள் குரல் முன்மேசையையே தாண்டுவதில்லை.

(கேட்டவர்களிடம் "கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகிவிட்டது" என்றே சொல்லி வந்தேன். கௌரவமான காரணம்.)

3
உண்மைக் காரணம் ஒரு வைரஸ். மூச்சுக்குழல் வாயில் பூக்கோசு போலச் சதை முளைக்கும். வெட்டினால் மறுபடி முளைக்கும். மறைவிடத்தில் மரு உண்டாக்குவதும் இதே வைரஸ்தான். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தையின் தொண்டைக்குப் போகலாம். வளர்ந்த பிறகு ஆண் பெண் உறவில்— (இந்த வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். என் வயதுக்கு இவ்வளவு போதும்.)

ஸோய்லாவுக்குப் பருவ வயதில் நின்றுபோனது, கல்யாணம் பேசும்போது திரும்பி வந்தது. பெண் கேட்க வந்த அன்று மாப்பிள்ளை வில்பெர்த்தின் தாய் டோன்யா நெல்வா, விஷயம் எப்படியோ காதுக்கு எட்டியிருந்ததால், தட்டிலிருந்த சுறாமீன் ரொட்டியைத் தள்ளி வைத்தாள்.

"தப்பா நினைக்காதீங்க டான் எவெலியோ. இது பொறக்கும்போதே வந்ததா, எங்கயாச்சும் போய் வாங்கிட்டு வந்ததா?"

"அம்மா, சாப்பிடும்மா," என்றான் வில்பெர்த்.

"சாப்பிட்டுக்கிட்டேதாண்டா கேக்குறேன்."

நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். "எங்க வீட்டுப் பொண்ணு எங்கயும் போய் எதையும் வாங்கறவ இல்லீங்க."

"அப்போ ஆம்பாரோ குடுத்ததா?"

மகளை மறைக்கப்போய், கல்லறையில் கிடக்கும் தாயை நடுக்கூடத்துக்கு இழுத்து வந்திருந்தேன். அப்போது ஸோய்லா கிசுகிசுத்தாள்: "சோதிச்சுப் பாத்துடலாம்."

4
மெரிதாவில் டாக்டர் கான்ச்சே பொறுமையாக விளக்கினாள்.

"ஒரே வைரஸ்லயே மரபணுவுல அங்கங்க ஓரெழுத்து ஈரெழுத்து மாறின வகைகள் இருக்கு. மெழுகுல இருக்கிற பழைய துணுக்கு, இப்ப வெட்டின துணுக்கு, ரெண்டுலயும் ஒரே வகைன்னா, அப்ப வந்ததே தூங்கி எந்திரிச்சிருக்குன்னு எடுத்துக்கலாம். வேற வகைன்னா, பிற்பாடு வந்திருக்கலாம். ஆனா யாரு குடுத்தாங்கன்னு இது சொல்லாது. இது போலீஸ் விசாரணை இல்லீங்க."

"எங்க ஊர்ல எல்லாமே விசாரணைதான் டாக்டர்."

அறுவைசிகிச்சை முடிந்து ஸோய்லா பேசக்கூடாதென்று வீட்டில் கிடந்தாள். முடிவைக் கேட்டுவர அவளே என்னை அனுப்பினாள். டாக்டர் சொன்னாள், கேட்டுக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பி வந்ததும் அவள் புருவத்தை உயர்த்தினாள்.

"டாக்டர் ஊர்ல இல்லம்மா," என்றேன். அன்றிலிருந்து எழுதுகிறேன்.

5
முடிவு ஒன்று: ஒரே வகை. ஸோய்லா தலைநிமிர்ந்து மணமேடை ஏறுவாள். நெல்வாவின் நாக்கு ஆம்பாரோவின் கல்லறைக்குத் திரும்பும். (ஆம்பாரோவின் புருஷன் இறால் படகில் துறைமுகம் துறைமுகமாக— விடுங்கள், அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.)

முடிவு இரண்டு: வேறு வகை. என் தங்கை தப்பித்தாள். ஸோய்லாவின்—

எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. இரண்டு முடிவிலும் கூண்டில் நிற்பது ஒரு பெண். ஆண்களில் ஒருவனைக்கூட என்னால் அங்கே நிறுத்த முடியவில்லை. களைப்பாக இருக்கிறது. வேறு முடிவு எனக்குத் தோன்றவில்லை.

6
இந்த இடத்தில் ஸோய்லா உள்ளே வந்தாள். மேசையில் கிடந்த தாள்களை நின்றுகொண்டே படித்தாள்.

"டாக்டர் ஊர்ல இல்லாமத்தான் இவ்ளோ பேசினாங்களா மாமா?" காற்றாகத்தான் வந்தது குரல்.

"நீ பேசக்கூடாது."

"நீங்க பேசியிருந்தா நான் ஏன் பேசப்போறேன்?"

"குடும்ப கௌரவம்னு ஒண்ணு இருக்கு ஸோய்லா."

"இருக்கட்டும். மூச்சுத் திணறி ராத்திரியெல்லாம் உக்காந்திருந்தது அது இல்லையே, நானும் அம்மாவும்தானே?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பையிலருந்து உருண்டைய எடுத்துட்டு, கூவாம கைக்குள்ள மூடிக்கிட்டா சதுக்கத்துல என்ன நடக்கும்?"

"நாற்காலி பறக்கும்."

"நல்லவேளை, இதுல நான் உக்காந்திருக்கேன்." சிரிக்கப் போய் இருமினாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள். "எடுத்தா கூவணும் மாமா. கூவறது என் வேலை. குடுங்க."

7
குனிந்து அவள் காதில் சொல்லிவிட்டேன்.

உங்களிடம் சொல்ல மாட்டேன். கோபிக்க வேண்டாம். உருண்டையை முதலில் பார்ப்பது கூவுகிறவள்தான். மேசையில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டும். டோன்யா நெல்வா அங்கேதான் இருக்கிறாள். இனி நானும் அங்கேதான். பக்கத்தில் உங்களுக்கும் இடமிருக்கிறது. அவள் யாரிடம் கூவுவாள், கூவாமலே பைக்குள் போட்டுவிடுவாளா, எனக்குத் தெரியாது.

உங்கள் அட்டையில் எந்தப் படத்தின்மேல் சோளமணியை வைக்கலாமென்று கை பரபரப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். அவள் மூச்சை இழுக்கிறாள். இந்த முறை இரைப்புச் சத்தமே இல்லை.