மெஷினுக்கு வைத்த பொட்டு

வேடசந்தூர் நூற்பாலையில் பதினோரு வருடமாக அறுந்த இழையைச் சேர்ப்பதுதான் என் வேலை. போன மாதம் அதே வேலைக்கு ஒரு மெஷின் வந்து இறங்கியது. தண்டவாளத்தில் ஓடும், அறுந்த இழையைத் தானே பார்த்துச் சேர்க்கும், டீ கேட்காது. எங்கள் ஷிப்டில் இருக்கும் எட்டுப் பெண்களில் இரண்டு பேர் போதும், யார் யார் இருப்பதென்று திங்கட்கிழமை பட்டியல் போடுவேன் என்று மேனேஜர் அந்தோணிராஜ் சொல்லிவிட்டார். மகளை இந்த வருடம்தான் நர்சிங்கில் சேர்த்திருந்தேன்.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். புதியதன் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை.

"அதுக்குப் பொட்டு ஒண்ணுதான் கேடு" என்றாள் என் கூட்டாளி சுகன்யா.

எனக்கு மனசு கேட்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக மூளியாகவா நிற்பது? நெற்றி எது என்று தேடினேன். முன்பக்கம் கறுப்பாக, வட்டமாக, பளபளவென்று ஓரிடம் இருந்தது. அதில் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன்.

விடுமுறை முடிந்து சுவிட்சைப் போட்டதும் மெஷின் நாலடி போய் நின்று, சிவப்பு விளக்கெரியக் கத்தியது. அன்று பகலெல்லாம் நாங்கள்தான் ஓடி ஓடி இழை சேர்த்தோம். சுகன்யாவுக்கு ஒரே கொண்டாட்டம். சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர், காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார்.

"சார், இது இதோட கண்ணு. யாரோ மூடிட்டாங்க."

அந்தோணிராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாருன்னு சொல்லலைன்னா எட்டுப் பேரும் வீட்டுக்குத்தான்!"

நான் முன்னால் போனேன். "நான்தான் சார். நெத்தின்னு நெனச்சுட்டேன்."

"வேலை போயிரும்னு வேணுமின்னே செஞ்சியாம்மா?"

"நல்லா ஓடட்டும்னுதான் சார் வச்சேன். அது என்ன பண்ணும் பாவம்? பட்டியல் போடுறது நீங்கதானே?"

இன்ஜினியர் குனிந்து சிரித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பட்டியலில் என் பெயர் இருந்தது. "தினம் அதைத் தொடைக்க ஆள் வேணும். கண்ணு எது, நெத்தி எதுன்னு இப்பத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்" என்றார் மேனேஜர். இன்னொரு பெயர் எங்கள் ஷிப்டு மலர்விழி. சுகன்யா பெயர் இல்லை.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். மில் பஸ்ஸில் அவள் வேறு இடம் பார்த்துப் போய்விடுவாள் என்று நினைத்தேன். எப்போதும் போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எறங்குற வரைக்கும் எதுவும் பேசாதடி" என்றாள்.