மதாம் ஒரேலுஸ் வாசலில் கைமில்

தப்பு மிர்லாந்த் மேல்தான். அதை அவள் மூடி மறைக்கவில்லை. நாத்தனார் இவ்ரோஸ் சந்தையில் விற்க மிளகாய் போட்டு மாம்பா என்கிற கடலை விழுது அரைத்த அதே கைமில்லில், கழுவியாயிற்றே என்று காப்பகத்துக்குப் போகும் தன் குழந்தைக்கும் வேர்க்கடலையை அரைத்துவிட்டாள். இரும்புப் பல்லில் ஏறின மிளகாய் தண்ணீருக்கா அசையும்? ஒரு பிடி காய்ந்த சோளத்தைப் போட்டு ஓட்டினால்தான் போகும். ஒகாப் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வேலைக்கு ஓடும் அவசரத்தில் விட்டுப்போயிற்று.

இரண்டு வயது லொவேனா அந்தக் காரத்துக்கு அசரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே மரவள்ளி ரொட்டியில் தடவியதை முழுசாகத் தின்றாள். பக்கத்துப் பிள்ளை அதை ஒரு நக்கு நக்கிவிட்டுக் கத்தின கத்தலில் காப்பகமே ரெண்டுபட்டது. அன்றே காப்பகத்துக்காரி மதாம் ஒரேலுஸ் சட்டம் போட்டாள். இனி வீட்டில் செய்த எதுவும் கேட்டுக்குள் வரக்கூடாது. கப்பலில் வந்த, மூடி திறக்காத டப்பா உணவு மட்டும்தான்.

டப்பாவில் இருந்ததை லொவேனா வாயில் வாங்கி, அப்படியே மதாமின் பாவாடையில் துப்பினாள். தினமும் பட்டினியாகவே வீடு திரும்பினாள்.

"அண்ணி, அவகிட்டப் போய் ஒரு மன்னிப்பு கேட்டுடேன்," என்றாள் இவ்ரோஸ்.

"கேட்டாச்சுடி. தப்புன்னா தப்புதான். அதுக்காக எம் பிள்ளை வயிறு காயணுமா? தண்டிக்கிறதுன்னா என்னைத் தண்டிக்கட்டும்."

"அப்ப காப்பகத்தை விட்டு நிறுத்திடு."

"நிறுத்திட்டு? தையல் ஆலைக்கு உங்கண்ணன் சிலியிலேருந்து பறந்து வந்து போவாரா?"

மறுநாள் காலையில் மிர்லாந்த் கைமில்லைத் தலையில் தூக்கினாள். இடுப்பில் பிள்ளை, கையில் கொஞ்சம் காய்ந்த சோளமும் வறுத்துத் தோல் நீக்கின கடலையும் கட்டின மூட்டை. தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டுமே!

கேட்டில் நின்று, "ஒனே!" என்று குரல் கொடுத்தாள்.

இந்த ஊரில் அப்படி மரியாதை சொல்லி வாசலில் நிற்பவரை, ஜென்மப் பகையாளியானாலும், "ரெஸ்பே" என்று உள்ளே அழைத்தே ஆகவேண்டும். மதாமும் பழக்க தோஷத்தில், "ரெஸ்பே!" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

"வீட்டுச் சாப்பாடு உள்ள வராதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சாப்பாடு எங்க மதாம் இருக்கு? வெறும் கடலைதானே. செய்யப்போறது உங்க வீட்டுல, உங்க கண்ணு முன்னால."

சொல்லிக்கொண்டே முற்றத்துப் பெஞ்சின் விளிம்பில் மில்லை வைத்து, அடித் திருகை முறுக்கிப் பூட்டினாள். பிள்ளைகளை விடவந்த தாய்மார்கள் போக மனமில்லாமல் நின்றார்கள். முதலில் சோளம். வந்த மாவைக் கோழிகளுக்கு வீசினாள். கோழிக்கு ஏது காரம்! இன்னொரு பிடி சோளம். அந்த மாவைத் தன் நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகுதான் கடலை. ஒரு தரம் அரைத்தது நெறுநெறுவென்றிருந்தது. சின்னத் தொண்டைக்கு அது ஆகாது. மறுபடி போட்டுச் சுற்றினாள். எண்ணெய் கக்கிக்கொண்டு வெண்ணெய் மாதிரி வழிந்தது. தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. அவள் நிறுத்தவில்லை.

"மொதல்ல நீங்க," என்று கரண்டியை நீட்டினாள். "காரம் இருந்தா இந்த மில்லை இங்கயே உடைச்சுப்போட்டுட்டுப் போறேன்."

மதாம் சுற்றிலும் பார்த்தாள். யாரும் நகர்வதாயில்லை. விரல் நுனியில் தொட்டு வாயில் வைத்தாள். பிறகு, ஏதோ சந்தேகம் தீராதவளைப் போல, இன்னொரு தரம் வழித்தாள்.

"காரம் இல்ல," என்று முணுமுணுத்தாள்.

"எல்லாருக்கும் கேக்கட்டும் மதாம்."

"காரம் இல்லம்மா, இல்ல! போதுமா?"

மிர்லாந்த் அங்கே இருந்த மரவள்ளி ரொட்டியைப் பாலில் நனைத்து, மாம்பாவை மெல்லிசாகத் தடவிக் கொடுத்தாள். லொவேனா இரண்டு கையாலும் பிடித்துத் தின்றாள். அதைப் பார்த்த தாய்க்கு, அத்தனை பேர் முன்னாலும், கண்ணீர் வந்துவிட்டது. வந்தால் வரட்டும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆலைக்குக் கிளம்பினாள்.

"ஏய், இந்த இரும்பை யார் எடுக்கிறது?" என்று பின்னாலிருந்து கத்தினாள் மதாம்.

"திருகு இறுகிப்போச்சு மதாம்," என்றாள் மிர்லாந்த், நடையைத் தளர்த்தாமல். "எம் பிள்ளை இங்க வந்துக்கிட்டிருக்கிற வரைக்கும் அது கழலாது."