பல்லுக்கு ஒரு விரதம்

என் மனைவி உதயகலா நாள் பார்த்துத்தான் பல் வைக்கப் போனாள். கந்தசஷ்டி தொடங்குவதற்கு முதல் நாள். தாடையெலும்புக்குள் திருகாணி இறக்கி, அது எலும்போடு ஒட்டிய பிறகு மேலே பல் பூட்டுவார்கள். ஒட்டுகிற வேலையை முருகன் பார்த்துக்கொள்வான் என்பது அவளுடைய கணக்கு. அது எனக்கு முதலே தெரிந்திருந்தால் நெல்லியடிப் பல் டாக்டரிடம் போக மோட்டார் சைக்கிளை எடுத்திருக்கவே மாட்டேன்.

சலரோகத்தில், அதுதான் சீனி வருத்தத்தில், அவளுக்குக் கீழ்ப்பல் முழுக்கக் கொட்டிப்போயிருந்தது. கட்டுப்பல் நிற்கவில்லை, ஒரு கலியாண வீட்டில் சோற்றுக்குள் விழுந்தது. அன்றோடு நல்லது கெட்டதுக்குப் போவதை விட்டாள். உடுப்பிட்டி முழுக்க வாய் ஓயாமல் கதைத்துத் திரிந்த மனுசி, வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்டால் குசினிக்குள், அடுப்படியில் போய் ஒளிந்துகொள்வாள். இந்தப் பல் வந்தால்தான் அவள் திரும்பவும் மனிதருக்குள் வருவாள் என்று நானும் நம்பியிருந்தேன்.

டாக்டர் தனுஷிகா பொறுமைசாலி.

"அம்மா, மருந்துக் குளிசையை ஒரு நேரமும் விடக்கூடாது. சீனி ஏறினால் புண் ஆறாது. கஞ்சி, இடியப்பம், ஆறின சொதி, மெதுவாச் சாப்பிடுங்கோ. வீங்கினால், காய்ச்சல் வந்தால் உடனை வாங்கோ."

எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள் கள்ளி.

அடுத்த நாள் விடிய முழுகி, திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றாள்.

"இனி எனக்கு மிளகும் தண்ணியும்தான்."

"உமக்கு விசரே? நேற்றுத்தானே எலும்பைத் துளைச்சது!"

"அதுக்குத்தான் விரதம் பிடிக்கிறன். இந்தப் பல்லு நிலைக்கவேணுமெண்டு நேந்திட்டன்."

"குளிசையையாவது குடியும்."

"குளிசை வயித்துக்குள்ளை போனால் அது விரதமே?"

கத்திப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். அவளுடைய தங்கை பாலேஸ்வரியைக் கூப்பிட்டால், அவள் எனக்கே புத்தி சொன்னாள். "சாமி காரியத்திலை நாங்கள் குறுக்கை நிக்கக்கூடாது, அத்தான்."

நாலாம் நாள் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. தாடை வீங்கிப் பளபளத்தது. டாக்டருக்குப் போன் எடுத்தேன். உடனே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். "சூரன்போர் முடியட்டும்" என்று இவள் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பயத்தில் வெறி பிடித்தது. அவளுடைய தலையை அமத்திப் பிடித்து, ஒரு குளிசையை வாய்க்குள் வைத்து, தண்ணீரை ஊற்றி விழுங்கப் பண்ணினேன். அவள் அழுதாள். நானும்தான் அழுதேன். அதற்குப் பிறகு சாமியறைக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே கிடந்தாள்.

சூரன்போர் அன்று பாலேஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனவள், வீதியில் மயங்கி விழுந்தாள். சனத்தை விலக்கி ஓட்டோவில் ஏற்றினோம். மறுநாள் ஊரெல்லாம் பாறணைச் சோறு சாப்பிட்டு விரதம் முடித்தது. இவளுக்கு வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் கழுத்தை வெட்டிச் சீழ் எடுத்தார்கள். திருகாணிகளையும் கழற்றிவிட்டார்கள்.

"எலும்பும் பழுதாப்போச்சு ஐயா. அதிலை இனிப் பல்லுப் பூட்டேலாது. உயிர் தப்பினதே பெரிய விசயம்" என்றார் அங்கிருந்த டாக்டர்.

இதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? கட்டிலடியில் நிற்பதும் வெளியே போவதுமாக இருந்தேன். கடைசியில் சொன்னேன். அவள் கட்டுப் போட்ட வாயால், விளங்கியும் விளங்காமலும் சொன்னாள்.

"அந்தக் குளிசையை நீங்கள் என்ரை வாய்க்குள்ளை தீத்தாமல் விட்டிருந்தால் முருகன் என்னைக் கைவிட்டிருக்கமாட்டான்."

அந்த ஒரு குளிசையோடு மற்றதையும் விழுங்கியிருந்தால் பல் தப்பியிருக்கும் என்று கத்த வாய் உன்னியது. கத்தி என்ன செய்ய? பல் போய்விட்டது. இனிக் குசினியை விட்டு வெளியே வரமாட்டாள். அவளுக்கென்று மிஞ்சியிருந்தது முருகன் ஒருவன்தான். அவனையும் இல்லாமல் பண்ண எனக்கு மனம் வரவில்லை.

"ஓம்" என்றேன். "நான்தான் கெடுத்தனான்."

அவள் அதை நம்பினாள்.