வால் பிளவு வரை

மீன்வள அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் அவளுக்குக் கணக்குக்காரி என்று பெயர். கடலையே எட்டிப் பார்க்காமல் அதில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள் என்பது அந்தப் பெயரில் இருந்த கிண்டல். பிடிபட்ட மீன்களின் நீளங்களைக் கொடுத்தால், அவள் உருவாக்கிய கணித மாதிரி, கடலில் மிச்சமிருப்பதை மதிப்பிட்டுத் தரும். அன்று காலை அது தந்த விடையைப் பார்த்தபடியே தேநீரை ஆறவிட்டாள். ஒரே வருடத்தில் மீன்கள் சராசரியாக நான்கு சென்டிமீட்டர் குறுகியிருந்தன. பெரிய மீன்கள் தீர்ந்துவிட்டன, ஒரு வருடம் வலையே போடக்கூடாது என்றது அந்தக் கணித மாதிரி.

மூன்று மணிக்குள் இயக்குநரிடம் அறிக்கை போயாக வேண்டும். அவளுடைய அண்ணனுக்கு இருப்பது ஒரே படகு. ஒரு வருடம் அது கரையில் கிடந்தால், விற்றுவிட்டு எங்காவது வாட்ச்மேன் வேலைக்குத்தான் அவன் போக வேண்டும். எண்ணைக் கொஞ்சம் தட்டிவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு தலைகாட்டியது. அதற்கே கூசிப்போய் எழுந்தாள். அறிக்கை போகும் முன் அவனிடம் நேரில் சொல்லிவிடுவோம் என்று, படகுகள் மீன் இறக்கும் இறங்குதளத்துக்கு நடந்தாள்.

அண்ணன் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். "என்ன மேடம், கடல் இன்னும் இருக்கான்னு பாக்க வந்தியா?" என்றான். சொல்வதைத் தள்ளிப்போட, பக்கத்தில் அலுவலகத்துக்காக மீன் அளந்துகொண்டிருந்த அக்காவைப் பார்த்தபடி நின்றாள். பழைய அளவுக்காரர் ஓய்வு பெற்றதும் வேறு துறைமுகத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் அந்த அக்கா. மீனின் மூக்கைப் பலகையில் முட்டக் கொடுத்து, அளவைப் படித்து, தாளில் எழுதுவார். ஏழாவது மீனில்தான் அவர் விரல் நிற்கும் இடம் அவள் கண்ணில் பட்டது. வால் நுனியில் அல்ல, வால் இரண்டாகப் பிரியும் இடத்தில்.

"அக்கா, நுனி வரைக்கும் அளக்க மாட்டீங்களா?"

"நுனி பாதி ஒடிஞ்சுதானேம்மா வருது. எங்க பழைய இடத்துல எப்பவும் பிளவு வரைக்கும்தான். உங்க தாள்ல வெறும் நீளம்னுதானே போட்டிருக்கு?"

அந்தத் தாளைத் தயாரித்தவளே அவள்தான். பழையவர் நுனி வரை அளந்தார். கவிழ்த்து வைத்த பெட்டியில் உட்கார்ந்துவிட்டாள். மீன் வாடைக்கே மயக்கமா என்று அண்ணன் கேலி செய்தான். அவனையே மீன் எடுத்துக் கொடுக்க வைத்து, வால் ஒடியாத இருநூறு மீன்களை அக்காவை இரண்டு விதமாகவும் அளக்கச் சொன்னாள். வித்தியாசம் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர்.

திரும்பி ஓடிவந்து, பிளவு அளவுகளை எல்லாம் முழு நீளமாக மாற்றி மாதிரியை மறுபடி ஓட்டினாள். மீன் இருந்தது. கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. முட்டையிடும் ஆறு வாரங்கள் மட்டும் கடலை விட்டுவைத்தால் போதும் என்றது கணித மாதிரி.

இயக்குநர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்க அண்ணனுக்காக மாத்திட்டீங்கன்னு நாளைக்கு யாராவது சொன்னா?"

அவள் மாதாமாத மீன் நீளத்தின் வரைபடத்தை நீட்டினாள். அக்கா வேலையில் சேர்ந்த அதே மாதத்தில், படியில் தவறி விழுந்ததுபோல் கோடு சட்டென்று இறங்கியிருந்தது. கூடவே அக்கா கையெழுத்திட்ட இருநூறு மீன்களின் அளவு. தாளில் விட்ட பிழை தன்னுடையது என்றும் எழுதியிருந்தாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"ஆறு வாரமா? உன் கம்ப்யூட்டரத் தூக்கிக் கடல்ல போடு. ஆறு வாரம் நான் என்ன பண்றது, உங்க அண்ணி முகத்தையே பாத்துட்டு உக்காரவா?"

அவன் நிறுத்தாமல் திட்டிக்கொண்டிருந்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.